கிணறுகளுக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வேண்டும்: எழுவான்கரை மணலின் நிலத்தடி நீர்க் கணக்கு

கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் மட்டக்களப்பில் இரண்டு வகைச் செய்திகள் ஒரே நேரத்தில் காதில் விழும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையின் கிணறுகள் உவர்க்கின்றன, தண்ணீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்பது ஒன்று. விவசாயக் கிணறு கட்ட மானியம், சூரியசக்தி நீர்ப்பம்பி வாங்க உதவி, கோடை மரக்கறிச் செய்கையை இன்னும் கூட்டுங்கள் என்பது மற்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? அப்படியானால் நிலத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் திரும்பவும் நிரம்புகிறது. எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, கோடையின் கடைசிக் கிழமையில் அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதுதான் இந்த மணலின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அந்த மட்டத்தை யார், எப்படி, எந்தக் கூட்டத்தில் முடிவுசெய்வது என்பதற்கு, குளத்துத் தண்ணீரைப் பங்கிடப் போகம் தொடங்குமுன் கூடும் ஆரம்பக் கூட்டம் போல, நம்மிடம் இதுவரை ஏற்பாடு எதுவும் இல்லை.

உப்புக்கு நடுவில் ஒரு நல்ல தண்ணீர்

நாவலடியில் தொடங்கிக் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று கல்லாறுகள் வரை நீளும் மணல்மேட்டை வரைபடத்தில் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே வாவி. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்று முகத்துவாரம். பாலங்களைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு தீவுதான். எந்த ஆறும் இந்த மணலுக்குள் தண்ணீர் கொண்டுவருவதில்லை. வாவியும் நல்ல தண்ணீர் அல்ல. கோடை ஏற ஏற அதன் உப்பும் ஏறும். ஆக, களுதாவளைத் தோட்டக் கிணற்றில் ஊறும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் இந்த மணல்மேட்டிலேயே பெய்த மழை.

தண்ணீரைத் தன் இடுக்குகளில் தேக்கி வைத்து, கிணறு வெட்டினால் விட்டுக்கொடுக்கும் நிலப்படையை நீர்ப்படை என்கிறோம். இலங்கையில் இதை ஆறு பெரிய வகையாகப் பிரிப்பார்கள்: யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல், வடமேற்கின் ஆழ்ந்த அடைபட்ட படைகள், கரையோர மணல், ஆற்று வண்டல், வன்பாறை மேல் கிடக்கும் சிதைவுமண், தென்மேற்கின் கபுக்கல் என்னும் செம்புரைக்கல். எழுவான்கரை மூன்றாவது வகை. அம்பாறைக் கரையில் அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து மணலும் இதே இனம். கற்பிட்டி, மன்னார் மணலும் அப்படித்தான்.

மணல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும், அதே வேகத்தில் விட்டும்விடும். மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 1,650 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை விழுந்து முடிந்துவிடும். தை மாதத்தில் கிணற்றுக்குள் கையை விட்டுத் தண்ணீர் தொடலாம். ஆவணியில் அதே கிணற்றில் கயிற்றுக்கு நீளம் போதாது.

கடல் எப்படிக் கிணற்றுக்குள் வருகிறது?

பக்கவாட்டில் கடல் உள்ளே நுழைவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உப்பு பெரும்பாலும் கீழேயிருந்து வருகிறது.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால் மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. பாரமேற்றிய தோணியைப் போல: வெளியே தெரிவது கொஞ்சம், அமிழ்ந்திருப்பது அதிகம். 1880களின் இறுதியில் நெதர்லாந்தின் கைபென், 1901 இல் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் தனித்தனியே இதைக் கணக்காகச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் தாங்கும்.

இதைத் திருப்பிப் போட்டால்தான் வில்லங்கம் தெரியும். மேலே அரை மீற்றர் இறைத்துக் குறைத்தால், கீழே உப்பின் எல்லை கொள்கையளவில் 20 மீற்றர் ஏறவேண்டும். தோணியில் பாரத்தை இறக்கினால் அடிப்பாகம் மேலே வருகிறதே, அதே கதைதான். மணலுக்கு அடியில் களியோ பாறையோ குறுக்கிடும் இடங்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எல்லையும் ஒரே நாளில் நகராது. நடுவில் அரை உப்பான கலப்பு வலயமும் உண்டு. ஆனாலும் போகும் திசை இதுதான்.

இதன் சின்ன வடிவம் ஒரு தனிக் கிணற்றிலேயே நடக்கும். ஆடி மாதத்தில் ஒரு தோட்டக்காரர் பம்பைப் போடுகிறார். முதல் அரை மணிக்கு நல்ல தண்ணீர். வெயில் ஏறும் நேரத்தில் தண்ணீர் நாக்கில் கரிக்கிறது. கிணற்றுக்கு நேர் கீழே மட்டம் திடீரென்று பதிந்துவிட, அந்த இடத்தில் உப்புநீர் கூம்பு போல மேலெழுந்து உறிஞ்சு குழாயின் வாயை எட்டிவிட்டது. இரண்டு மூன்று நாள் பம்பை நிறுத்தினால் கூம்பு தணிந்து தண்ணீர் ஓரளவு தேறும். நிறுத்தாமல் இறைத்தால் மிளகாய் இலை ஓரம் கருகத் தொடங்கும். அப்போது பலர் செய்வது கிணற்றை இன்னும் இரண்டு வளையம் ஆழமாக்குவது. உப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே குழாயைக் கொண்டுபோய் வைக்கிற வேலை இது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை இதே பாடத்தைப் பெரிய அளவில் படித்தது. கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்வதற்காக நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் உப்பு குறையவில்லை. கீழிருந்து இன்னும் ஏறியது. பிறகு, அளவோடு இறையுங்கள், மழை கழுவட்டும் என்று அறிவுரை மாறியது. அடுத்தடுத்து வந்த மாரிகள்தான் பெரும்பாலான கிணறுகளைத் தேற்றின.

அளவு மீறுதல் என்றால் இங்கே என்ன?

உலகச் செய்திகளில் அளவு மீறி இறைக்கப்பட்ட படுகை என்று வாசிக்கும்போது நினைவுக்கு வருவது கலிபோர்னியாவின் சன் வாக்கீன் பள்ளத்தாக்கு போன்ற இடங்கள். அங்கே நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போனது. 1925 க்கும் 1977 க்கும் இடையில் ஓரிடத்தில் நிலமே சுமார் 28 அடி அமிழ்ந்தது. பல தலைமுறைச் சேமிப்பை எடுத்துத் தின்ற கணக்கு அது.

எழுவான்கரையில் அப்படி இல்லை. மாரி வந்தால் மட்டம் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால்தான் 'ஒவ்வொரு வருசமும் நிரம்புதுதானே, பிறகென்ன பிரச்சினை' என்ற பேச்சு எடுபடுகிறது. இங்கே அளவு மீறுதல் பருவகாலத்தது: ஆனி முதல் புரட்டாசி வரையான நான்கு மாதத்தில் மட்டம் எவ்வளவு கீழே போகிறது, எத்தனை கிணற்றில் உப்பு ஏறுகிறது, எத்தனை மாரிக்குப் பிறகும் அந்த உப்பு முழுக்கக் கழுவப்படாமல் நிற்கிறது என்பதே அளவுகோல். மழை குறைந்த ஒரு மாரி இடையில் வந்தால் மிச்சமான உப்பு அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

ஓர் ஏக்கரின் வரவும் செலவும்

இனி ஒரு சின்னக் கணக்கு. இதில் வரும் சில அளவுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும்.

1. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சுமார் 4,000 லீட்டர். ஆண்டு மழையில் 400 மில்லிமீற்றர் ஆவியாகாமல், ஓடிவிடாமல் நீர்மட்டத்தைச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 16 இலட்சம் லீட்டர்.

2. இதை முழுவதும் எடுக்க முடியாது. உப்பைத் தள்ளி நிறுத்துவதே கடலுக்கும் வாவிக்கும் கசிந்து போகும் நல்ல தண்ணீர்தான். 'சும்மா கடலுக்குப் போகுது' என்று சொல்லப்படும் அந்தத் தண்ணீர் உண்மையில் காவலுக்கு நிற்கிறது. பாதியை அதற்கு விட்டால் மிஞ்சுவது 8 இலட்சம்.

3. கோடையில் கத்தரியோ மிளகாயோ நாளுக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கும் என்றால், நூறு நாளில் 500 மில்லிமீற்றர். ஏக்கருக்கு 20 இலட்சம் லீட்டர்.

4. ஆக, தோட்டம் செய்யும் ஓர் ஏக்கர் தன் தலையில் பெய்த மழையை மட்டும் நம்பி வாழவில்லை. தன்னையும் சுற்றிலும் உள்ளதையும் சேர்த்து இரண்டரை ஏக்கர் நிலத்தின் பங்கைக் குடிக்கிறது. தென்னங்காணி, வெறுங்காணி, கோயில் வளவு, பள்ளிக்கூட மைதானம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கத்தரித் தோட்டத்தைத் தாங்குகின்றன.

நாலாவது புள்ளியில்தான் விசயமே இருக்கிறது. ஊரில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் தோட்டமாக இருந்தவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாதி நிலம் தோட்டமாகி, மீதியில் வீடும் மதிலும் சீமெந்துத் தரையும் வந்தால் கணக்கு இடிக்கும். இதில் எவரும் தனியாகத் தவறு செய்யவில்லை. தவறு கூட்டுத்தொகையில் இருக்கிறது.

வீட்டுப் பாவனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நாலு பேர் உள்ள வீடு ஆளுக்கு 120 லீட்டர் வீதம் இருநூறு நாளுக்குப் பாவித்தாலும் ஓர் இலட்சம் லீட்டரைத் தாண்டாது. அதிலும் பெரும்பங்கு ஊறுகுழி வழியாகத் திரும்ப மணலுக்கே போகிறது. இரண்டு அங்குல பம்ப் ஒன்று மணிக்கு 20,000 லீட்டருக்கு மேல் இறைக்கும். அந்த வீட்டின் நாற்பது நாள் தண்ணீர் அது. குளிக்கும்போது வாளியைக் குறையுங்கள் என்ற அறிவுரையால் மட்டும் நீர்மட்டம் ஓர் அங்குலமும் ஏறப்போவதில்லை.

பூவல் தோண்டியும் துரவில் இறங்கிக் குடத்தால் மொண்டும் தண்ணீர் ஊற்றிய காலத்தில் மனிதக் கைதான் எல்லை. மண்ணெண்ணெய்ப் பம்ப் அந்த எல்லையை எடுத்தது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது எல்லை மீண்டும் வந்தது. இந்தமுறை பணத்தின் வடிவில். சூரியசக்திப் பம்புக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும், அப்புறம் இறைப்பதற்குச் செலவே இல்லை. விவசாயிக்கு அது பெரிய ஆறுதல், அதை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மானியம் கொடுப்பவர் அதோடு எந்த எல்லையையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், உச்சி வெயில் முழுக்க பம்ப் ஓடும். மண்ணெண்ணெய் விலை வைத்திருந்த பிரேக்கும் போய்விடும்.

திரும்பி வரும் தண்ணீர் வெறுங்கையோடு வருவதில்லை

சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் தண்ணீர் பாதியாக மிச்சமாகும் என்று விளம்பரங்கள் சொல்லும். மணலில் இதைக் கொஞ்சம் கவனமாக வாசிக்கவேண்டும். 30 இலட்சம் லீட்டர் இறைத்து, பயிர் 20 இலட்சம் குடித்தால், மீதிப் பத்தில் பெரும்பகுதி மணல் வழியாகக் கிணற்றுக்கே திரும்புகிறது. அது முதலிலேயே நட்டம் இல்லை. சொட்டுநீர் எரிபொருளை மிச்சப்படுத்தும், கிணற்றின் கீழ் எழும் உப்புக் கூம்பைச் சிறிதாக்கும். ஆனால் மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் அரை ஏக்கர் செய்தால் மொத்தச் செலவு கூடத்தான் செய்யும். உலகம் முழுக்க இதே தவறு நடந்திருக்கிறது. பயிர் குடிப்பதும் வெயில் குடிப்பதும் மட்டுமே உண்மையான செலவு. மண்ணில் வைக்கோலோ தென்னோலையோ பரப்பி வெயில் குடிப்பதைக் குறைப்பது மலிவான வழி, பேச ஆள்தான் இல்லை.

சொட்டுநீரின் பெரிய நன்மை வேறு இடத்தில். திரும்பிப் போகும் அந்தப் பத்து இலட்சம் லீட்டர் உரத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. ஓர் அந்தர் யூரியாவில், அதாவது 50 கிலோ மூடையில், 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் நாலில் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்கி நைத்திரேற்றாக மாறினாலே, சுமார் 5 இலட்சம் லீட்டர் சுத்தமான தண்ணீரை லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு மூடை! அந்த எல்லைக்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு இரத்தத்தில் ஒட்சிசன் குறையும் ஆபத்து உண்டு. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். வீடுகள் நெருங்கிய காத்தான்குடி போன்ற இடங்களில் உரத்துக்குப் பதிலாக மலசலகூடக் குழிகள் இதே வேலையைச் செய்கின்றன.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைக் கடந்து குழாயில் வரத் தொடங்கியதும் இந்த ஆபத்து பெரிதும் குறைந்தது. கூடவே ஒரு பக்கவிளைவும் வந்தது. குழாய்நீர் வந்த வீட்டில் கிணற்றின்மேல் அக்கறை போய்விட்டது. கிணறு யாருடைய கவலையும் இல்லாதபோது அதன் மட்டத்தையும் யாரும் பார்ப்பதில்லை.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கதை வேறு. அங்கே வன்பாறை. அதன் மேல் சில மீற்றர் கனமுள்ள சிதைவுமண்ணில்தான் தண்ணீர், அதற்கும் கீழே பாறை வெடிப்புகளில் கொஞ்சம். உவர் பிரச்சினை குறைவு, வற்றிப்போகும் பிரச்சினை கூட. குளத்தில் தண்ணீர் நின்றால் கீழ்ப்பக்கக் கிணறுகள் ஊறும். ஆற்றில் மணல் அள்ளிப் படுக்கை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகள் இறங்கும். அங்கே கிணற்றைக் குளத்தோடு சேர்த்துத்தான் திட்டமிட முடியும்.

குளத்துக்கு இருக்கிற ஏற்பாடு கிணற்றுக்கு ஏன் இல்லை?

உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ கோடை நெற்போகமான சிறுபோகத்துக்குத் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது? போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்கிறார். அதற்கு ஏற்ப எத்தனை ஏக்கர் செய்வது, எந்த வயற்கண்டத்துக்கு முதலில், எந்தத் திகதியில் விதைப்பு, எந்தத் திகதியில் கடைசித் தண்ணீர் என்று முடிவாகிறது. சண்டை வரும், சத்தம் வரும், ஆனால் முடிவும் வரும். வாய்க்காலில் அதைக் காவல் பார்க்க வட்டவிதானை உண்டு. 1946 இன் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வரும் கமக்கார அமைப்புகளும் இதற்குப் பின்னால் நிற்கின்றன.

கிணற்றுக்கு இதில் ஒன்றும் இல்லை. என் காணி, என் கிணறு, என் பம்ப். நீர்வளச் சபை 1964 இன் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது; 1999 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆய்வும் குழாய்க் கிணறு துளைத்தலும் அதன் கைவசம். ஆனால் ஒரு தோட்டக்காரர் தன் வளவுக் கிணற்றில் கோடைக்கு எவ்வளவு இறைக்கலாம் என்பதை ஊர்மட்டத்தில் பேசி முடிக்கும் மேடை எதுவும் உருவாகவில்லை. 2000 ஆம் ஆண்டில் தேசிய நீர்வளக் கொள்கை ஒன்று கொண்டுவரப்பட்டது. நீருரிமைப் பத்திரம், விலை என்ற பேச்சு எழுந்ததும் தண்ணீரை விற்கப்போகிறார்கள் என்ற எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. இன்றும் 'கிணற்றைப் பதிய வாருங்கள்' என்றால் 'நாளைக்கு வரி போடுவாங்க' என்றுதான் முதல் பேச்சு வரும். மேலிருந்து அனுமதிப்பத்திரமாக வரும் எந்தத் திட்டமும் இங்கே எடுபடாது என்பது என் கணிப்பு. ஊருக்கு ஏற்கெனவே பழக்கமான ஆரம்பக் கூட்டத்தின் வடிவில் வந்தால் இடமுண்டு.

திட்டம் ஒன்றின் எலும்புக்கூடு

1. எல்லையைத் தண்ணீர் தீர்மானிக்கட்டும். இந்த மணல்மேடு மண்முனை வடக்கு, காத்தான்குடி, மண்முனைப்பற்று, மண்முனை தென் எருவில்பற்று என்று நாலு பிரதேச செயலகங்களுக்குள் கிடக்கிறது. நிலத்தடி நீருக்கு அந்த எல்லைப் பலகைகள் தெரியாது. நாலும் சேர்ந்த ஒரே குழு வேண்டும், அதற்குள் கிராமக் குழுக்கள்.

2. அளவுக் கிணறுகள். புதிதாக ஒன்றும் வெட்டத் தேவையில்லை. கடற்கரைப் பக்கம், நடு, வாவிப் பக்கம் என்று வரிசையாக, பாவனையில் இருக்கும் கிணறுகளையே தெரிவு செய்யலாம். மாதம் இருமுறை, காலையில் பம்ப் போடுமுன், ஓர் அளவுநாடாவால் மட்டமும் சின்ன மின்கடத்துதிறன் கருவியால் உப்பும் பார்க்கவேண்டும். ஒரு நுணுக்கம் இங்கே அடிக்கடி தவறிப்போகும்: கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணால் பயனில்லை. அந்த விளிம்பு கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதை நில அளவையாளர் ஒருமுறை எடுத்துக் கொடுத்தால்தான், தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, கீழே போய்விட்டதா என்று தெரியும். பள்ளிக்கூட உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை வேறென்ன வேண்டும்?

3. இரண்டு கோடுகள். ஒன்று விழிப்பு மட்டம், மற்றது நிறுத்து மட்டம். உப்புக்கும் அப்படியே. உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டலில் பாசன நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமனுக்குக் கீழே என்றால் கவலையில்லை, 3,000 ஐத் தாண்டினால் கடும் பாதிப்பு. அவரையும் வெங்காயமும் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். தக்காளி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எந்தப் பயிர் செய்யும் ஊர் என்பதைப் பொறுத்து கோட்டை வைக்கலாம். ஆனால் முதல் கோடை வருமுன் வைத்துவிட வேண்டும். வறட்சிக்கு நடுவில் கோடு போடப் போனால் அடிதடிதான்.

4. தை மாதக் கூட்டம். மாரி முடிந்து மட்டம் உச்சத்தில் நிற்கும்போது அளவுகளைப் பலகையில் எழுதிக் காட்டி, இந்தக் கோடையில் எத்தனை ஏக்கர் தாங்கும், எந்தப் பகுதியில் இரண்டாம் தடவை நடுகை வேண்டாம், எந்தப் பயிர் என்று முடிவெடுப்பது. வைகாசியில் ஒருமுறை சரிபார்ப்பு.

5. இறைக்கும் முறை. ஓர் ஆழக் கிணற்றில் நாலு மணிநேரம் இறைப்பதைவிட நாலு ஆழமில்லாத கிணறுகளில் கிணற்றுக்கு ஒரு மணிநேரம் இறைப்பது உப்பைக் குறைவாகவே எழுப்பும். உறிஞ்சு குழாயின் வாய் தண்ணீரின் மேல்பகுதியிலேயே நிற்கவேண்டும். உவர்த்த கிணற்றை ஆழமாக்குவதைக் கிராமக் குழு மறிக்கவேண்டும்.

6. ஊட்டம். இங்கேதான் வழக்கமான ஆலோசனை தவறுகிறது. மழைநீரை நிலத்துக்குள் விடக் குழி தோண்டுங்கள் என்பார்கள். மார்கழியில் இந்த மணல் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போது குழி எதற்கு? மாசி, பங்குனியில் அது எவ்வளவு வேகமாக வடிந்துபோகிறது என்பதுதான் கேள்வி. தோணாக்கள் எனப்படும் ஓடைகளும் வெள்ள வடிகால்களும் மாரியில் திறந்து, வெள்ளம் தணிந்ததும் பலகை போட்டு மறிக்கக் கூடியவையாக இருந்தால் மட்டம் இன்னும் சில கிழமை உயர்ந்து நிற்கும். பள்ளக் காணிகளைக் கிரவல் போட்டு நிரப்புவதை நிறுத்துவதும் இதே கணக்கில்தான் வரும்.

கலிபோர்னியா எங்கே இடறியது?

நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த அதிகம் பேசப்படும் சட்டம் கலிபோர்னியாவின் 2014 ஆம் ஆண்டுச் சட்டம். படுகைதோறும் உள்ளூர் முகவரகம் ஒன்று அமையவேண்டும். மோசமாக இறைக்கப்பட்ட படுகைகள் 2020 ஜனவரிக்குள் திட்டம் கொடுத்து, 2040 க்குள் சமநிலைக்கு வரவேண்டும். மட்டம் தாழ்தல், சேமிப்புக் குறைதல், கடல்நீர் புகுதல், தரம் கெடுதல், நிலம் அமிழ்தல், ஆறுகள் வற்றுதல் ஆகிய ஆறு தீங்குகளுக்கும் கீழ் எல்லை குறிக்கவேண்டும். அழகான அமைப்பு.

ஆனால் உள்ளூர் முகவரகங்களில் பெரிய தோட்டக்காரர்களின் குரல் ஓங்கியிருந்த இடங்களில், கீழ் எல்லைகள் சாதாரண வீட்டுக் கிணறுகள் வற்றிப்போகும் ஆழத்தில் குறிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் ஆறு படுகைகளின் திட்டங்கள் போதாது என்று மாநிலம் நிராகரித்தது; 2024 ஏப்ரலில் துலாரே ஏரிப் படுகை மாநிலத்தின் நேரடிக் கண்காணிப்புக்குள் போனது. நமக்கு இதிலிருந்து எடுக்க ஒன்றே ஒன்று போதும்: கோடு எங்கே போடப்படுகிறது என்பது கோடு போடும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே சண்டை எங்கே வரும்?

முதலாவது, முகத்துவாரம். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறினால் ஆற்றுவாயை வெட்டச் சொல்லிப் படுவான்கரை கேட்கும். வயலைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் வெட்டிய வாய் வழியாக வாவி மட்டம் சட்டென்று இறங்கினால், மணல்மேட்டின் மேற்குப் பக்கத் தண்ணீரும் வாவிக்குள் வடியும். பிறகு கடல்நீர் உள்ளே வரும். எப்போது, எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவது என்ற முடிவில் இன்று வயலும் மீன்பிடியும் பேசப்படுகின்றன. எழுவான்கரைக் கிணறும் அந்தப் பட்டியலில் சேரவேண்டும்.

இரண்டாவது, குத்தகைக்காரர். கோடைத் தோட்டங்களில் ஒரு பகுதி குத்தகைக் காணியில் நடப்பவை. இந்த ஆண்டு இரண்டாம் நடுகை வேண்டாம் என்று கூட்டம் முடிவெடுத்தால் இழப்பு குத்தகைக்காரருக்கு, கிணறு காப்பாற்றப்படும் நன்மை காணிக்காரருக்கு. குத்தகையைக் குறைக்கும் நிபந்தனை கூட்டத் தீர்மானத்திலேயே எழுதப்படாவிட்டால் முதல் ஆண்டே அவர்கள் கூட்டத்தை விட்டுப் போவார்கள். நெல்லுக்கு ஆரம்பக் கூட்டத்தில் காணிக்காரரே பெரும்பாலும் கதைத்த பழைய வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் இது நடக்கும்.

மூன்றாவது, மானியத்தின் நேரம். சூரியசக்திப் பம்புகளை ஒரு திட்டம் கொடுக்கிறது, கிணறுகளை இன்னொன்று, விதையை வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கு, தனி ஆண்டு முடிவு. பம்ப் வாங்கும் விண்ணப்பத்தில், அந்தக் கிராமத்து அளவுக் கிணற்றின் கடைசிப் புரட்டாசி மாத அளவை எழுத ஒரு வரி சேர்த்தால் போதும்; அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு தீர்மானம் போதும். அந்த வரியை நிரப்ப எண் வேண்டும். எண் வேண்டுமென்றால் அடுத்த ஐப்பசி மழை விழுமுன் யாராவது நாடாவோடு கிணற்றடிக்குப் போயிருக்கவேண்டும்.